நீரை அறிந்து உடுப்போம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் எனச் சென்னையின் தென்புறத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கடல் தொலைவில் இல்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே சென்றால் கோவளம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் புதுச்சேரி வரை, கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபா பயிற்சி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அந்தமானுக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்களின் திட்டத்திலும் அது இடம்பெறுகிறது. விடுமுறை வந்தால் "நாங்களும் போகலாமா வாப்பா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கேட்பது மகனாயிருந்தால் "எவ்வளவு செலவாகும்?" என்று விசாரிக்கிறோம். மகளாயிருந்தால் "என்ன உடுத்த வேண்டும்?" என்று விசாரிக்கிறோம். இரண்டும் தவறான கேள்விகள் அல்ல. ஆனால் இவற்றுக்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி நம் வீடுகளில் எழுவதே இல்லை. "இறங்கப்போவது எந்த நீரில்?" என்பதே அக்கேள்வி. மிதவைக் கருவியையும் உடையையும் தீர்மானிக்க வேண்டியது விலையுமன்று, ஊரார் பார்வையுமன்று. நீரே தீர்மானிக்க வேண்டும். நீருக்குப் பொருந்தியதைத் தேர்ந்தால் உயிரும் காக்கப்படும், நாணமும் காக்கப்படும். பொருந்தாததைத் தேர்ந்தால் இரண்டையும் இழக்க நேரிடும். உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நம்புகிற நாம் இதைப் பொழுதுபோக்குச் செய்தியாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது.

முன்னோர் அறிந்த கலை

மூழ்குதல் நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்த முத்துக்குளிப்பில் கீழக்கரை முஸ்லிம்களுக்குத் தனி இடம் இருந்தது. இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால் கீழக்கரையிலிருந்து படகுகள் அங்கும் சென்றன. சங்கு குளிக்கும் தொழிலிலும் அவ்வூராரின் பெயர் நிலைத்தது.

அக்காலத்து மூழ்குவோரிடம் காற்றுக்குடுவை இல்லை. அவர்கள் கையாண்டவை கயிறும் கல்லும்தாம். கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மீது கால் பதித்து விரைந்து கீழே இறங்குவர். தரையைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவர். படகில் நிற்கும் துணையாள் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பிகளைக் கூடையில் சேர்த்தபின் கயிற்றை அசைத்தால் மூழ்கியவரையும் இழுத்தெடுப்பர். இறங்கும்போது எடை வேண்டும். ஏறும்போது அந்த எடை உடன் இருக்கக் கூடாது. இன்றைய கருவிகள் அனைத்தும் இந்த ஒரே உண்மையின் விரிவாக்கமே ஆகும். ஏட்டில் படிக்காமலே அதை அறிந்திருந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், கடையில் நீட்டப்படுவதை அப்படியே வாங்கி அணிவது பொருந்தாது.

மிதவைச் சட்டை செய்யும் வேலை

1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய மூச்சுக்கருவி ஸ்கூபாவுக்கு வழி திறந்தது. மூழ்குபவர் தம் மிதப்பை நீருக்குள்ளேயே கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி அதன் பின்னரே வந்தது. பயிற்சியாளர்கள் பி.சி.டி. என்று சொல்லும் மிதவைச் சட்டை அதுதான். சிலிண்டரிலிருந்து சிறிது காற்றை அதனுள் விட்டால் மிதப்பு கூடும், வெளியேற்றினால் குறையும். மேலே எழாமலும் கீழே தாழாமலும் ஒரே மட்டத்தில் நிற்பதே அதன் நோக்கம்.

நம் வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தை அன்றாடம் கடந்து செல்கிறோம். 6000 மீட்டர் ஆழத்துக்கு மூவரை அனுப்புவதற்கான மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கி அங்குதான் உருவாக்கப்படுகிறது. இறங்குவதற்கு எடை, ஏறுவதற்கு மிதப்பு என்ற கணக்கே அதற்கும் அடிப்படை. மாபெரும் கலத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது, நம் பிள்ளையின் உடலுக்குக் கணக்குப் பார்க்காமல் அனுப்பலாமா?

பி.சி.டி.யில் மூன்று வகைகளைப் பெரும்பாலும் காணலாம். முதலாவது, உடலைச் சுற்றிலும் காற்றுப் பை அமைந்த ஜாக்கெட் வகை. மேற்பரப்பில் மிதக்கும்போது உடலை நிமிர்த்தித் தாங்குவதால் புதியவர்களுக்கு இது ஏற்றது. இரண்டாவது, காற்றுப் பை முதுகுப்புறம் மட்டும் உள்ள வகை. நீருக்குள் கிடைநிலையில் நீந்த இது வசதியானது. ஆனால் மேற்பரப்பில் அளவுக்கு மீறிக் காற்றை நிரப்பினால் முகத்தை முன்னோக்கிச் சாய்க்கும். மூன்றாவது, உலோகத் தகட்டில் பட்டைகளும் காற்றுப் பையும் பூட்டிய வகை. அது தேர்ந்தவர்களுக்கு உரியது. விலை கூடியது நல்லது என்று எண்ணி முதல் நாளிலேயே மூன்றாவதைத் தேடுவது வீண் செலவு.

வகையைவிட முதன்மையானது அளவு. காற்றில்லாதபோது தளர்ந்து மேலேறக் கூடாது. காற்று நிரம்பியபோது நெஞ்சை அழுத்தி மூச்சை முட்டக் கூடாது. ஆண்களின் அளவில் தைக்கப்பட்டதைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மாட்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. தோளில் தொங்கும் சட்டை, மிதக்கும்போது காதுவரை ஏறிவிடும். மகளுக்கு அளவான சட்டை இல்லையென்றால் அன்றைய பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. கொடுத்த பணத்துக்காக இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இத்துடன் எடைக் கணக்கும் உண்டு. சிலிண்டரில் உள்ள காற்றுக்கும் எடை உண்டு. வழக்கமான அலுமினியச் சிலிண்டர், மூழ்கி முடிக்கும் நேரத்தில் தொடக்கத்தைவிடச் சுமார் 2 கிலோ இலேசாகிவிடும். இடுப்பில் கட்டும் ஈய எடை, இறுதியில் வரும் அந்த நிலைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். ஆனால் "விரைவாக இறங்கட்டும்" என்று தேவைக்கு மேல் ஏற்றுவது தீங்கு. கூடுதல் எடையைச் சமன்செய்யச் சட்டையில் கூடுதல் காற்றை அடைக்க வேண்டிவரும். மேலே ஏறும்போது அழுத்தம் குறையக் குறைய அக்காற்று விரியும்; 10 மீட்டர் ஆழத்தில் இருந்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காகும். அப்படி விரியும் காற்று மூழ்கியவரைக் கட்டுப்பாடின்றி மேலே தூக்கும். அந்நேரம் அச்சத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரலே கிழியக்கூடும்.

கடலுக்கு ஏற்ற உடை

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். அதனால்தான் இளஞ்சூடான கடலிலும் நெடுநேரம் இருந்தால் உடல் நடுங்குகிறது. இதற்குத் தீர்வாக, 1952-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் உடை அமைத்தார். வெட்சூட் என்று நாம் அழைப்பது அதுவே. ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகள் வெப்பத்தைக் காக்கின்றன. அதே குமிழிகள் உடலை மிதக்கவும் செய்கின்றன. ஆழம் கூடக்கூட அவை நசுங்கி, வெப்பக் காப்பும் மிதப்பும் சேர்ந்தே குறைகின்றன.

ஆகவே தடித்த உடை என்றால் கூடுதல் எடை. கூடுதல் எடை என்றால் கூடுதல் காற்று. கூடுதல் காற்று என்றால் கூடுதல் கவனம். உடையும் மிதவையும் தனித்தனியாகத் தேரக்கூடியவை அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

நம் கரையோரக் கடலின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. 27 டிகிரிக்கு மேல் உடலை மூடும் மெல்லிய லைக்ரா உடையோ, 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட உடையோ போதும். 24 முதல் 27 வரை 3 மில்லிமீட்டர். 20 முதல் 24 வரை 5 மில்லிமீட்டர். அதற்கும் கீழே 7 மில்லிமீட்டரும், மிகக் குளிர்ந்த நாடுகளில் உள்ளே நீரே புகாத உலர் உடையும் தேவைப்படும். எளிதில் குளிர் தாங்காத உடல்வாகு உடையவர்கள் ஒரு படி தடிமனாக அணியலாம்.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் பணியாற்றும் மாமாவோ காக்காவோ விடுப்பில் வரும்போது தாம் பயன்படுத்திய 5 மில்லிமீட்டர் உடையை அன்போடு கொண்டுவந்து தருவார்கள். பாரசீக வளைகுடாவின் நீர் குளிர்காலத்தில் 20 டிகிரியை ஒட்டி இறங்குவதால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது. மே மாதக் கோவளத்தில் அதே உடையை அணிந்து படகில் காத்திருந்தால் உடல் கொதித்து மயக்கம் வரக்கூடும். செங்கடலும் வளைகுடாவும் நம் வங்கக் கடலைவிட உப்பு மிகுந்தவை. அங்கே கட்டிய எடைக் கணக்கும் இங்கே அப்படியே பொருந்தாது. அன்பளிப்பை மதிப்போம், ஆனால் அணிவதற்கு முன் நீரைக் கேட்போம்.

நாணமும் பாதுகாப்பும்

மகளை அனுப்பத் தயங்குவோரின் கவலையை நாம் இலேசாக எண்ணவில்லை. வெட்சூட் உடலை முழுதாக மூடினாலும் உடலோடு ஒட்டியிருக்கும். அது போதாது என்று கருதும் பெற்றோர் இரு வழிகளில் ஒன்றை மேற்கொள்கிறார்கள். முற்றாகத் தடுத்துவிடுவது ஒன்று. வழக்கமான நீண்ட அங்கியையோ துப்பட்டாவையோ கருவிகளுக்கு மேலே போர்த்தி அனுப்புவது மற்றொன்று. முதலாவது தேவையற்றது. இரண்டாவது ஆபத்தானது.

தளர்ந்த பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனக்கும்; கால்களில் சுற்றும்; மூச்சுக்குழாயில் சிக்கும். அவசரத்தில் எடைப்பட்டையைக் கழற்றி வீச வேண்டிய கொக்கியை மறைக்கும். துணைக்கு வருபவர் அக்கொக்கியைத் தேடும் சில நொடிகளே உயிருக்கும் இறப்புக்கும் இடைவெளியாகலாம். எனவே மிதவைச் சட்டைக்கு மேலே எத்துணியும் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

வழி வேறு இருக்கிறது. உடலை மூடும் மெல்லிய உடையின்மீது, நீச்சல் துணியில் தைத்த, முழங்கால் வரை வரும் சற்றே தளர்ந்த மேலாடையை அணியலாம். அதற்கு மேலே மிதவைச் சட்டையையும் பட்டைகளையும் பூட்ட வேண்டும். எல்லாக் கொக்கிகளும் வெளியே தெரியும், துணியும் அலையாது. தலைக்கு லைக்ரா தலையுறை போதும். முகக் கண்ணாடியின் விளிம்பு தோலின்மீது படிய வேண்டும். தலையுறையின் துணி இடையே புகுந்தால் நீர் கசியும். கண்ணாடியின் பட்டை தலையுறைக்கு மேலே வரலாம். லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் அஹேதா ஸனெட்டி 2004-இல் புர்கினி உடையை வடிவமைத்தபோது கையாண்ட நெறியும் இதுதான்: மறைக்கும் உடை நீந்தவும் இடம்கொடுக்க வேண்டும்.

உடலை முழுதும் மூடுவது கடலில் நமக்கு மட்டுமே உரிய வழக்கமன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வெயிலுக்கும், சொறிமீன்களின் கொட்டுதலுக்கும், பாறையில் ஒட்டிய சிப்பிகளின் கீறலுக்கும் அஞ்சி, எச்சமயத்தவராயினும் தேர்ந்த மூழ்குநர்கள் முழு உடையே அணிகிறார்கள். கூச்சப்படுவதற்கு இதில் ஏதுமில்லை. ஆண்களுக்கும் மறைக்க வேண்டிய எல்லை உண்டு. தொப்புள் முதல் முழங்கால் வரை மூடும் கடமையை மகன்களுக்கு நினைவூட்டாமல் மகள்களிடம் மட்டும் பேசுவது நீதியாகாது.

உடை மாற்றத் தனியறை உண்டா, பெண் பயிற்சியாளர் உண்டா என்பவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் பெண்களுக்கெனத் தனி நாள் ஒதுக்கப் பயிற்சியிடத்தாரும் முன்வரக்கூடும். வாடகை உடை பலர் அணிந்தது. நீருக்குள் அதிலேயே சிறுநீர் கழிப்போரும் உண்டு என்பது மூழ்குநர்கள் அறிந்ததே. நன்கு அலசி உலர்த்தியதா என்று கேட்டு வாங்குவதும், கரையேறியபின் நன்னீரில் குளித்து உடை மாற்றித் தொழுவதும் நம் கடமை.

நன்னீரும் வெள்ளமும்

நம் தென்புறத்தில் கடல் மட்டுமே நீரன்று. பல்லாவரம், திருநீர்மலை, குன்றத்தூர்ப் பக்கங்களில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் மழைநீர் நிரம்பிக் கிடக்கின்றன. நீலநிறம் கண்டு மயங்கி இளைஞர்கள் அங்கே இறங்குகிறார்கள். கடல்நீரைவிட நன்னீர் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தி குறைந்தது. கருவிகளோடு 90 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல் தாங்குவதைவிட நன்னீர் ஏறத்தாழ 2 கிலோ குறைவாகத் தாங்கும். "கோவளத்தில் மிதந்தேனே" என்ற துணிவு குவாரியில் உதவாது. மேலே வெதுவெதுப்பாக உள்ள நீர் சில மீட்டர் ஆழத்தில் திடீரெனக் குளிரும். செங்குத்தான பாறைச் சுவரில் ஏறிவரப் பிடிமானம் இராது. அங்கே எந்தக் கருவி ஏற்றது என்று கேட்டால், இறங்காமல் இருப்பதே ஏற்றது என்போம்.

மூன்றாவது நீர், நம் வாசலுக்கே வருவது. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. படகுகள் தெருக்களில் வந்தன. அத்தகைய வேளையில் ஸ்கூபா மிதவைச் சட்டை லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்றாகாது. பி.சி.டி. காற்றை அடைத்தால்தான் மிதக்கும். நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேலே திருப்பி வைக்கும் உறுதியும் அதற்கில்லை. லைஃப் ஜாக்கெட்டுக்குள் நுரைப்பொருள் எப்போதும் இருப்பதால் யாரும் எதையும் இயக்க வேண்டியதில்லை. அதிலும் 50 நியூட்டன் என்று குறித்தது நீந்தத் தெரிந்தவருக்கான துணைக்கருவியே. நீச்சல் அறியாதவர்க்கு 100 அல்லது 150 நியூட்டன் தேவை. குழந்தைக்குக் கவட்டுப்பட்டையும் அவசியம். காற்றடைத்த விளையாட்டு வளையங்களை நம்பிக் குழந்தைகளை வெள்ளத்தில் இறக்கவே கூடாது.

மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசலில் பத்து, இருபது லைஃப் ஜாக்கெட்டுகளைப் பல அளவுகளில் வாங்கி வைக்கலாம் என்பது நம் கருத்து. வெள்ளம் வந்தபின் சமைத்துக் கொடுப்பதில் நம்மவர் எந்நாளும் பின்தங்கியதில்லை. வருவதற்கு முன் ஆயத்தமாவதிலும் அந்த அக்கறை வேண்டும். அவை நம் தெருவுக்கு மட்டுமல்ல, அண்டை வீட்டாருக்கும் உரியவை.

கேட்டுவிட்டு இறங்குவோம்

பிள்ளைகள் ஸ்கூபாவுக்குச் செல்லும் முன் முதலில் நீச்சல் கற்கட்டும். மகனும் கற்கட்டும், மகளும் கற்கட்டும். பிறகு பயிற்சியிடத்தில் கேட்க வேண்டியவை சிலவே. இன்று நீரின் வெப்பநிலை என்ன? நீரோட்டம் எப்படி? எத்தனை மீட்டர் வரை இறக்குவீர்கள்? சான்றிதழ் இல்லாத முதல் அனுபவத்துக்கு 12 மீட்டருக்கு மேல் கூடாது என்பது பயிற்சி அமைப்புகள் வகுத்த எல்லை. மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பிப் பத்து நிமிடம் வைத்துக் கசிகிறதா என்று பார்த்தீர்களா? எடைப்பட்டையைக் கழற்றும் முறையை எங்கள் பிள்ளையின் கையாலேயே செய்ய வையுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இக்கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளும் இடத்தில் பிள்ளையை ஒப்படைக்காமல் திரும்பிவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்துக் கலங்கியிருக்கும் நாள்களில், எவ்வளவு நல்ல கருவியும் கரையிலேயே இருக்கட்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும் பண்பு நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கடலோரத்தில் அந்தக் கட்டுதல், நீருக்கேற்ற எடையும் மிதப்பும் உடையும்தான். கடலுக்கடியில் அல்லாஹ் படைத்திருக்கும் அழகை நம் மக்களும் கண்டு வியக்கட்டும். கண்டுவிட்டுப் பாதுகாப்பாக வீடு திரும்பட்டும். நிலத்திலும் நீரிலும் நம் பிள்ளைகளை அவன் காத்தருள்வானாக! ஆமீன்.